பச்சையாக இருந்தால் கடிதம் எழுதாதே

மண்ணூர்
15-1-1975

அக்காவுக்கு ரூத் எழுதுவது.

நாங்கள் பத்திரமாக வீடு வந்து சேர்ந்தோம். நீ கேட்கவில்லை. கேட்காவிட்டாலும் சொல்ல வேண்டியது என் கடமை.

அப்பாவின் நினைவு ஜெபத்துக்கு வரச்சொல்லி நீ போட்ட கார்டை அரிசிப் பானைக்குள் வைத்திருந்தேன். ஏன் அங்கே வைத்தேன் என்று எனக்கே தெரியவில்லை. அரிசி எடுக்கும்போதெல்லாம் படித்தேன். சுரூபம் கும்பிடாத நம் சபையை விட்டு ஒரு கத்தோலிக்கரைக் கட்டிக்கொண்டேன் என்பதற்காக என் கல்யாணத்துக்கு வராத அக்கா, பிள்ளை பிறந்ததற்கும் வராத அக்கா, தன் நர்ஸ் குவார்ட்டர்ஸுக்கு வா என்று கைப்பட எழுதியிருக்கிறாள். பூந்தமல்லி தாண்டும்வரை பஸ் தரையில்தான் ஓடுகிறதா என்ற சந்தேகம் எனக்கு இருந்தது. மடியில் கைக்குழந்தை லூர்து, பக்கத்தில் புதுக் கவுன் போட்ட லீலா. "பெரியம்மா நம்ம மாரியே இருப்பாங்களா?" என்று கேட்டுக்கொண்டே வந்தாள். என் மூக்கும் அவள் மூக்கும் ஒன்று என்று சொல்லி வைத்திருந்தேன்.

நீ கதவைத் திறந்ததும் பிள்ளையின் மூக்கைப் பார்க்கவில்லை. கவுனில் ஊக்கு போட்டுக் குத்தியிருந்த சின்னப் பித்தளை அந்தோனியார் சுரூபத்தைத்தான் பார்த்தாய். நான் குழாயடியில் லூர்துவுக்குக் கால் கழுவிக்கொண்டிருந்தேன். உன் குரல் மட்டும் கேட்டது. "அதைக் கழட்டிட்டு உள்ள வா." ஆறு வயசுப் பிள்ளையிடம் பேசும் பேச்சா இது? நான் ஓடி வருவதற்குள் கவுனில் சுரூபம் இல்லை. பிள்ளை வாசற்படியில் கைகூப்பி, வாயை இறுக மூடிக்கொண்டு நின்றது. பயத்தில் அதற்குப் பேச்சே வரவில்லை.

நான் கத்தியது அதிகம்தான். சாப்பிடாமல் கிளம்பியதும் அதிகம்தான். ஆனால் அந்தச் சுரூபம் லீலாவின் ஞானஸ்நானத்தன்று அவள் ஞானத்தாய் கொடுத்தது. தயவுசெய்து அதைத் திருப்பி அனுப்பு. காணாமல் போனதைக் கண்டுபிடித்துக் கொடுப்பவர் அந்தோனியார் என்று இங்கே எல்லோரும் நம்புகிறார்கள். அவரையே காணோம் என்றால் யாரிடம் போய் முறையிடுவது?

ஏரி நிறைந்திருக்கிறது. காலையில் பனி இறங்கினால் கரை எது, தண்ணீர் எது என்று தெரிவதில்லை. அப்பா குடையை மடக்கிக்கொண்டு அதற்குள்ளிருந்து வருவார் என்று பார்த்துக்கொண்டே நிற்கிறேன்.

லீலாவுக்கு நேற்றிலிருந்து வயிற்று வலி. பொங்கல் சேரவில்லை போல. ஓமத் தண்ணீர் கொடுத்திருக்கிறேன்.

ரூத்


சென்னை
18-1-1975

ரூத்துக்கு,

உன் சுரூபம் என்னிடம் இல்லை. நான் அதைத் தொடவும் இல்லை. கழட்டச் சொன்னேன், பிள்ளை கழட்டினாள், அவ்வளவுதான். அப்பா படத்துக்கு முன்னால் இதெல்லாம் வேண்டாம் என்று சொல்ல எனக்கு உரிமை உண்டு. நீ என் வாசலில் நின்று கத்தியதை எதிர் குவார்ட்டர்ஸ் ராஜாமணி சிஸ்டர் இன்னும் அக்கறையாக விசாரித்துக்கொண்டிருக்கிறாள். செய்து வைத்த பிரியாணியை வார்டுக்குத் தூக்கிப் போய்க் கொடுத்தேன். எல்லோரும் நன்றாக இருந்தது என்றார்கள். எனக்கு இறங்கவில்லை.

அது கிடக்கட்டும். வயிற்று வலியை ஏன் கடைசி வரியில் எழுதுகிறாய்? சண்டை முதலில், பிள்ளை கடைசியில். நீ சின்ன வயசிலிருந்தே அப்படித்தான்.

அவசரப் பிரிவில் எங்களிடம் வரும் பிள்ளைகளில் பாதி வயிற்றைப் பிடித்துக்கொண்டுதான் வருகிறது. பெரும்பாலும் பூச்சி, மலச்சிக்கல், அல்லது வாத்தியார் மேல் பயம். சிலது மட்டும் அப்படியில்லை. அந்தச் சிலதைக் கூட்டத்திலிருந்து பிரித்து எடுப்பதுதான் எங்கள் பிழைப்பு. நீ இந்த ஆஸ்பத்திரி வாசலை மிதிக்க மாட்டாய், உன் ரோஷம் எனக்குத் தெரியும். அதனால் நான் சொல்வதை நீ உன் கையால் செய்து பார்த்து எழுது.

முதலில் தொடாதே. அவள் படுத்திருக்கும்போது தள்ளி உட்கார்ந்து பார். மூச்சோடு வயிறும் ஏறி இறங்குகிறதா, இல்லை பலகை மாதிரி கிடக்கிறதா? பிறகு உள்ளங்கையைத் தேய்த்துச் சூடாக்கிக்கொள். சில்லென்ற கை பட்டால் எந்த வயிறும் இறுகிக்கொள்ளும். அவள் கையை அடியில் வைத்து, அதன் மேல் உன் கையை வைத்து அமுக்கு. தன் கையைப் பார்த்துப் பிள்ளை பயப்படாது. வலிக்கும் இடத்துக்குக் கடைசியில் போ. அமுக்கும்போது வயிற்றைப் பார்க்காதே, முகத்தைப் பார். வாய் பொய் சொல்லும், புருவம் சொல்லாது.

எங்கே வலிக்கிறது என்று கேட்டால் எல்லாப் பிள்ளையும் தொப்புளைக் காட்டும். ஒரே விரலால் தொட்டுக் காட்டச் சொல். தொப்புளை விட்டு விரல் தள்ளிப் போகப் போக எங்களுக்குக் கவலை கூடும். பாண்டி ஆடுவது போல ஒற்றைக் காலில் குதிக்கச் சொல். குதித்துவிட்டுச் சிரித்தால் நல்லது. இருமல் இருக்கிறதா பார், நெஞ்சில் சளி கட்டினாலும் பிள்ளைகள் வயிறு என்றுதான் சொல்லும்.

கடைசியாகக் காதை வயிற்றில் வைத்துக் கேள். மதகில் தண்ணீர் போவது போல உள்ளே ஏதாவது ஓடிக்கொண்டே இருக்க வேண்டும். சத்தம் இருந்தால் பயமில்லை. அமைதியாகிவிட்ட வயிறுதான் எங்களைப் பயமுறுத்தும். சில சமயம் வேலை ஓய்ந்த மத்தியானத்தில் தேவை முடிந்த பிறகும் நான் கேட்டுக்கொண்டே இருப்பேன். யாருக்கும் தெரியாது, உனக்குச் சொல்கிறேன். எங்கோ மழை பெய்வது போல இருக்கும்.

வாந்தி எடுத்தால் நிறம் பார். வெள்ளை, மஞ்சள் என்றால் எழுது. பச்சையாக இருந்தால் கடிதம் எழுதாதே, பஸ் ஏறு. பச்சை என்றால் உள்ளே வழி அடைத்திருக்கிறது என்று அர்த்தம்.

அன்னபுஷ்பம்


மண்ணூர்
23-1-1975

அன்புள்ள அக்காவுக்கு,

நீ சொன்னபடியே செய்தேன். காலையில் பனி விலகாத நேரம். லீலாவின் அப்பா ராத்திரி ஷிப்ட் முடிந்து வந்து தூங்கிக்கொண்டிருந்தார். ஜன்னலெல்லாம் வெள்ளையாக இருந்தது, வீடே ஏரிக்கு நடுவில் மிதப்பது போல. நான் தள்ளி உட்கார்ந்து பார்த்தேன். பெற்ற பிள்ளையின் வயிற்றை நான் இப்படிப் பார்த்ததே இல்லை, அக்கா. குளிப்பாட்டியிருக்கிறேன், துடைத்திருக்கிறேன், பார்த்ததில்லை. அது ஏறி ஏறி இறங்கியது. பார்த்துக்கொண்டே இருந்ததில் எனக்கே தூக்கம் வந்துவிட்டது.

பிறகு கையைச் சூடாக்கி, அவள் கைமேல் என் கையை வைத்தேன். ஒற்றைக் காலில் குதித்தாள், ஆனால் சிரிக்கவில்லை. ஒரு விரலால் காட்டச் சொன்னதற்குத் தொப்புளுக்கு மேலே, வலப்பக்கமாகக் காட்டினாள். அங்கே நான் அமுக்கப் போனபோது என் கையைப் பிடித்துக்கொண்டாள். "அமுக்காதம்மா. அவரு தூங்கினு கீறாரு. முழிச்சிக்கினா குத்துவாரு."

யாருடி என்று கேட்டதற்குத் தலையணையில் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். கனவிலிருந்து எழுந்த பிள்ளை, ஏதோ உளறுகிறது என்று விட்டுவிட்டேன். காதை வைத்தேன். நீ சொன்ன மழை எனக்கும் கேட்டது. நீயும் நானும் ஒரே சத்தத்தைக் கேட்டிருக்கிறோம் என்று நினைத்ததும் அழுகை வந்தது. உன் மேல் கோபம் போகவில்லை, அது வேறு.

வலி வருகிறது, போகிறது. சாப்பிட்டால் வருகிறது. இங்கே ஒரு டாக்டரிடம் காட்டினோம், பூச்சி மருந்து கொடுத்தார். கேட்கவில்லை. நீ திட்டுவாய் என்று தெரிந்தே எழுதுகிறேன், வல்லக்கோட்டையில் பாப்பம்மாளிடம் தொக்கம் எடுக்கக் கூட்டிப் போனேன். தொண்டையில், வயிற்றில் ஏதாவது சிக்கிக்கொண்டால் இங்கே முதலில் அவளிடம்தான் போவார்கள். வயிற்றைத் தடவி, வாய் வைத்து உறிஞ்சி, இலையில் எதையோ துப்பிக் காட்டினாள். "பாத்துக்கோ, மாங்கா தோலு. இதான் அடைச்சிக்கினு இருந்திச்சி" என்றாள். தை மாதத்தில் மாங்காய்க்கு எங்கே போவது என்று எனக்குத் தோன்றியது. ஆனாலும் அன்றைக்கு வலி இல்லை. நேற்று மறுபடி வந்துவிட்டது. வாந்தியும் எடுத்தாள். நிறம் பச்சைதான். நீ பயப்படாதே, பாப்பம்மாள் கொடுத்த பச்சிலைச் சாற்றைக் காலையில் புகட்டியிருந்தேன், அந்தப் பச்சை அது. உன் பச்சை இல்லை.

சுரூபம் உன்னிடம் இல்லை என்கிறாய். நம்புகிறேன். என் அக்கா பிடிவாதக்காரி, பொய் சொல்ல மாட்டாள். அப்படியானால் உன் வாசலில்தான் விழுந்திருக்கும். ஊக்கின் வாய் தளர்ந்துபோய்த் திறந்து திறந்து கொள்ளும். மிதியடிக்கு அடியில், தொட்டிச் செடியில் பார். புளியங்கொட்டை அளவுதான் இருக்கும், பித்தளை. லீலாவைக் கேட்டால் "தொலையல" என்று மட்டும் சொல்கிறாள். தொலையவில்லை என்றால் எங்கே என்று கேட்டால் வாயை மூடிக்கொள்கிறாள்.

ரூத்


சென்னை
25-1-1975, காலை

ரூத்துக்கு,

மிதியடியை உதறினேன். தொட்டியில் இருந்த மண்ணைக் கொட்டிப் பார்த்தேன். வாசல் பெருக்கும் சுப்பன் சாக்கடை வாயைக்கூட விடவில்லை. ஒரு சுரூபத்தை அன்னபுஷ்பம் சிஸ்டர் தவழ்ந்து தேடுகிறாள் என்று ராஜாமணிக்கு இன்னொரு செய்தி கிடைத்தது. உன் அந்தோனியார் என் வாசலில் இல்லை.

பாப்பம்மாளைப் பற்றி நான் எழுத ஆரம்பித்தால் காகிதம் போதாது. அமுக்காதே என்று பிள்ளை சொல்கிறது, நீ கொண்டுபோய் அவளிடம் கொடுத்து அமுக்க வைக்கிறாய். பச்சிலை கொடுத்துவிட்டுப் பச்சையாக வந்தால் அதை வைத்து நான் என்ன கண்டுபிடிப்பது? எது சாறு, எது பித்தம் என்று இங்கிருந்து எனக்கு எப்படித் தெரியும்? மேலே, வலப்பக்கம், சாப்பிட்டால் வலி. எனக்கு இது பிடிக்கவில்லை. பூச்சியாக இருந்தால் ஒரே இடத்தை ஒரே விரலால்...

ரூத், பேனாவை வைத்துவிட்டு எழுந்து போய் வாசலில் நின்றேன். மறுபடி எழுதுகிறேன்.

அன்றைக்கு அவள் எங்கே நின்றாளோ அங்கேயே நின்று பார்த்தேன். கழட்டு என்று சொல்லிவிட்டு நான் உள்ளே திரும்பி ஜமுக்காளத்தை இழுத்துவிட்டேன். அந்த நேரம்தான் நான் பார்க்காத நேரம். திரும்பியபோது அவள் கைகூப்பி நின்றாள். கூப்பிய கையில் எதுவும் இல்லை. கவுனில் பை இல்லை. கற்கண்டு கொடுத்தேன், வாயைத் திறக்காமல் தலையை ஆட்டினாள். நீ அதைப் பயம் என்று எழுதினாய். நானும் பயம் என்றுதான் நினைத்தேன். இருபது வருஷமாக ஒவ்வொரு தாயிடமும் பிள்ளை என்ன தின்றாள் என்று கேட்கிறவள் நான். எதையாவது விழுங்கினாளா என்பதையும் கூடவே கேட்பேன். உன்னிடம் அதைக் கேட்கவில்லை. சுரூபத்தைப் பற்றி ஒரு காகிதத்திலும், வயிற்றைப் பற்றி அதே காகிதத்திலும் எழுதிவிட்டு, இரண்டையும் சேர்த்துப் படிக்கவில்லை.

அவர் தூங்குகிறார், எழுந்தால் குத்துவார். அவள் உளறவில்லை, ரூத். நாம் கேட்டதற்குப் பதில் சொல்லியிருக்கிறாள்.

வாய் திறந்த ஊக்கு அது. இதைத் தபாலில் போடப் போவதில்லை. எங்கள் ஆஸ்பத்திரி டிரைவர் கோபால் வண்டியோடு வருகிறான், அவன் கையில் கொடுத்தனுப்புகிறேன். படித்ததும் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு ஏறு. வாழைப்பழம் கொடுத்தால் வெளியே வந்துவிடும் என்று யாராவது சொல்வார்கள், கொடுக்காதே. தண்ணீர்கூட வேண்டாம். வாந்தி எடுக்க வைக்காதே, குதிக்கச் சொல்லாதே, யாரும் வயிற்றில் கை வைக்கக் கூடாது. முக்கியமாக அவளைத் திட்டாதே. நானே வந்திருப்பேன். ஆனால் எக்ஸ்ரே அறையையும் சர்ஜன் இராமச்சந்திரனையும் இங்கே யாராவது பிடித்து வைக்க வேண்டும், அதை என்னைப் போல் யாராலும் செய்ய முடியாது.

ரோஷம் பார்க்காதே. உன் காலில் விழுகிறேன், வா.

அக்கா


மண்ணூர்
28-1-1975

அன்புள்ள அக்காவுக்கு,

லூர்துவுக்குக் காய்ச்சல் தணிந்துவிட்டது. கைக்குழந்தையை வார்டில் விட மாட்டோம் என்று நீங்கள் சொன்னதும், காய்ச்சல்காரப் பிள்ளையை வைத்துக்கொண்டு தாழ்வாரத்தில் கிடக்காதே என்று நீ விரட்டியதும் நியாயம்தான். ஆனால் ஆபரேஷன் ஆன பிள்ளையை விட்டுவிட்டு பஸ் ஏறினேனே, அந்த பஸ் தரையில் ஓடுகிறதா என்று நான் பார்க்கவில்லை. பாதி உடம்பு அங்கே, பாதி இங்கே. சோறு வடிக்கிறேன், பானைக்குள் உன் கார்டு இன்னும் இருக்கிறது.

சனிக்கிழமை சாயங்காலம் நாம் இருவரும் தாழ்வாரத்தில் ஒரே பெஞ்சில் உட்கார்ந்திருந்தோம். எக்ஸ்ரே படத்தை நீ வெளிச்சத்துக்கு நேராகத் தூக்கிப் பிடித்தாய். என் பிள்ளையின் உள்ளே மங்கலாக மேகம் மேகமாக இருந்தது. அதற்கு நடுவில் சின்னதாய் அந்தோனியார், பக்கத்தில் வாயைத் திறந்துகொண்டு ஊக்கு. எனக்கு அது நிலா மாதிரி தெரிந்தது. அப்படித் தெரிந்ததற்காக இப்போது வெட்கப்படுகிறேன்.

உன்னிடம் சொல்லாத ஒன்று இருக்கிறது. சொல்ல வேண்டாம் என்றுதான் இருந்தேன். கோபால் வண்டியில் வரும்போது அவளைத் திட்டாமல், மடியில் படுக்க வைத்துக் கேட்டேன். சொன்னாள். "பெரிம்மா கழட்டச் சொன்னாங்க. கீழ வெச்சா எடுத்துப்பாங்க இல்ல? அதான் நன்மை வாங்குற மாரி வாங்கிக்கினேன். கடிக்கவே இல்லம்மா."

உங்கள் சபையில் திருவிருந்து அப்பத்தைக் கையில் வாங்கித் தின்பீர்கள் என்று எனக்குத் தெரியும், நானும் அங்கே வளர்ந்தவள்தானே. இங்கே பூசையில் சாமியார் அப்பத்தை நாக்கில் வைப்பார், அதைத்தான் நன்மை என்போம். நான் நன்மை வாங்கும்போது லீலா என் முந்தானையைப் பிடித்துக்கொண்டு அண்ணாந்து என் வாயைப் பார்ப்பாள். பல்லில் படக் கூடாது, விழுங்கிவிட்டால் சேசு உள்ளே வந்துவிடுவார், அதற்கப்புறம் அவரை நம்மிடமிருந்து யாராலும் எடுக்க முடியாது என்று சொல்லிக் கொடுத்தது நான். அவளுக்கு இன்னும் புதுநன்மை வாங்கும் வயசு வரவில்லை. உன் வாசலில் நின்று தானே வாங்கிக்கொண்டாள்.

நீ கழட்டச் சொன்னாய், நான் விழுங்கினால் பத்திரம் என்றேன். நாம் இருவரும் சேர்ந்து செய்த வேலை இது, அக்கா. உன்னை மட்டும் குற்றம் சொல்லலாம் என்று முயற்சி செய்தேன், முடியவில்லை.

குடல் ஓட்டையாகி இருந்தது, தைத்திருக்கிறார்கள், ஆனால் வயிறு இன்னும் பேசவில்லை என்று கிளம்பும்போது டாக்டர் சொன்னார். மூக்கில் குழாயோடு அவள் தூங்கிக்கொண்டிருந்தாள். நான் குனிந்து காதை வைத்தேன், கட்டுக்கு மேலேயே. மழை இல்லை. ஒன்றுமே இல்லை. அந்த அமைதியைத்தான் இங்கே தூக்கிக்கொண்டு வந்திருக்கிறேன். ஏரி, பனி, வீடு எல்லாம் அமைதியாக இருக்கிறது, எனக்குப் பைத்தியம் பிடிக்கிறது.

ஏதாவது கேட்டால் எழுது.

ரூத்


சென்னை
1-2-1975

அன்புள்ள தங்கச்சி ரூத்துக்கு,

கேட்டது. முதலில் அதைச் சொல்லிவிடுகிறேன், நிதானமாக மூச்சு விட்டுக்கொண்டு மிச்சத்தைப் படி.

புதன்கிழமை மத்தியானம். வார்டில் வெயில் சாய்ந்து கட்டில் கம்பிகளெல்லாம் தரையில் நிழலாய்ப் படுத்திருந்தன. டியூட்டி முடிந்தும் நான் போகவில்லை. ஞாயிற்றுக்கிழமையிலிருந்து அப்படித்தான். ஸ்டெதாஸ்கோப்பை வைப்பேன், கேட்பேன், எடுப்பேன். உள்ளே பூட்டிய வீடு மாதிரி இருந்தது. டாக்டர் இராமச்சந்திரன் காத்திருக்கலாம் சிஸ்டர் என்று சொல்லிவிட்டுப் போவார். காத்திருப்பது எப்படி என்று எத்தனையோ தாய்மாருக்கு நான் சொல்லிக் கொடுத்திருக்கிறேன். அதில் ஒன்றும் எனக்கு உதவவில்லை.

அன்றைக்குக் காதில் குழாயோடு அப்படியே கண்ணயர்ந்துவிட்டேன் போலிருக்கிறது. நாம் இருவரும் சின்னப் பெண்களாக உன் ஊர் ஏரிக்கரையில் நிற்கிறோம். நான் அந்த ஏரியைப் பார்த்ததே இல்லை, உன் கடிதத்தில் படித்ததுதான். தண்ணீர் கண்ணாடியாக நிற்கிறது. அப்பா குடையை மடக்கிக்கொண்டு வந்து மதகுப் பலகையை லேசாகத் தூக்குகிறார். சொட்டு, பிறகு இன்னொரு சொட்டு, பிறகு சளசளவென்று ஓடுகிறது. விழித்துப் பார்த்தால் சத்தம் நிற்கவில்லை. காதுக்குள்தான் ஓடிக்கொண்டிருந்தது. லீலா கண்ணைத் திறந்து என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். "பெரிம்மா, எனக்கு வவுத்துல கடமுடாங்குது" என்றாள். வார்டு முழுக்கக் கேட்கும்படி அழுதேன். என்னைச் சிடுமூஞ்சி என்று சொல்லும் ராஜாமணி ஓடி வந்து தண்ணீர் கொடுத்தாள்.

ஆபரேஷனில் பார்த்ததை உனக்குச் சொல்ல வேண்டும். நம் வயிற்றுக்குள் ஒரு கொழுப்புச் சவ்வு உண்டு, மெல்லிய திரை மாதிரி. எங்கே புண் இருக்கிறதோ அங்கே அதுவே போய் ஒட்டிக்கொள்ளும். ஊக்கு குத்திய இடத்தில் அது போய் நன்றாகச் சுற்றி மூடியிருந்தது. அதனால்தான் விஷம் வயிறெங்கும் பரவவில்லை. டாக்டர் அதை விலக்கியபோது உள்ளே உன் அந்தோனியார் போர்த்திக்கொண்டு படுத்திருந்தார். அவர் தூங்குகிறார் என்று பிள்ளை சொன்னது சரிதான்.

சுரூபத்தை வெந்நீரில் கொதிக்க வைத்துத் துணியில் சுற்றி வைத்திருக்கிறேன். ஊக்கைக் குப்பையில் போட்டுவிட்டேன். நான் மாறிவிட்டேன் என்று நினைத்துக்கொள்ளாதே. நீ கும்பிடுவதை நான் கும்பிட மாட்டேன், அப்பா வளர்த்தபடியேதான் இருப்பேன். ஆனால் அந்த வாசலில் நான் சொன்னதைச் சொல்லியிருக்கக் கூடாது. ஆறு வயசுப் பிள்ளை என் கைக்கு எட்டாத இடம் எது என்று யோசித்து, தன் வயிற்றைத் தவிர வேறு இடமில்லை என்று முடிவு செய்திருக்கிறாள். எல்லாப் பிள்ளைக்கும் கையைச் சூடாக்கிக்கொண்டு தொடுகிறவள் நான். என் பிள்ளையிடம் அதைச் செய்யவில்லை.

நேற்று மூக்குக் குழாயை எடுத்தார்கள், தண்ணீர் குடித்தாள். இன்று காலை பாலும் ஒரு பிஸ்கட்டும் கொடுக்கச் சொன்னார்கள். பாலில் நனைத்து ஊட்டப் போனேன், வேண்டாம் நானே தின்கிறேன் என்றாள். தலையணையில் சாய்ந்துகொண்டு பிஸ்கட்டை வெகு கவனமாக இரண்டாக உடைத்தாள். ஒரு பாதியை மடியில் வைத்தாள். மற்றதை இரண்டு விரலால் பிடித்து என் முகத்துக்கு நேரே தூக்கினாள்.

"பெரிம்மா, கண்ணு மூடிக்கினு நாக்க நீட்டு. கடிக்கக் கூடாது, இன்னா?"

வார்டில் எல்லோரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள். நான் கட்டில் பக்கத்தில் முட்டிபோட்டு, கண்ணை மூடி, நாக்கை நீட்டினேன். காய்ந்த பிஸ்கட், ரூத், நனைந்து இளகுவதற்கு வெகுநேரம் ஆயிற்று. அதுவரை அவள் என் வாயையே உற்றுப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

நான் கடிக்கவில்லை.

உன் அக்கா